வாக்கெடுப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு தையற்காரர்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை நீக்குவதா வேண்டாமா என்று கேள்வி எழுந்தால், வழக்கமாக ஏழு நாள்கள் விவாதம் நடக்கும். கடைசியில் ஒருவர் வந்து, எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணாமல், யாருடைய வாதம் நிற்கிறது என்று பார்த்து முடிவை எழுதுவார். தலைகளை எண்ணாமல் முடிவெடுக்கும் இந்தப் பழக்கம் இணையத்தோடு பிறந்தது என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் ஜான் வுல்மன் எனக்கு அறிமுகமானார்.

வுல்மன் 1720இல், பிரிட்டிஷ் காலனியாக இருந்த நியூ ஜெர்சியில், குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்துவப் பிரிவினர். அவர்களுடைய நிர்வாகக் கூட்டங்களில் வாக்கெடுப்பு கிடையாது. மௌனமாக அமர்ந்திருப்பார்கள். பேசத் தோன்றியவர் எழுந்து பேசுவார். கூட்டத்தின் எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டு, சபையின் மனம் எங்கே நிற்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி வாசிப்பார். சபை ஏற்றால்தான் அது முடிவு. இல்லையென்றால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இளைஞரான வுல்மன் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண்ணை விற்றார். விற்பனைப் பத்திரம் எழுதும் வேலை வுல்மனுக்கு வந்தது. எழுதிக் கொடுத்தார், ஆனால் மனம் ஒப்பவில்லை. இது தம் சமயத்துக்குப் பொருந்தாது என்று முதலாளியிடமும் வாங்கியவரிடமும் நேரிலேயே சொல்லிவிட்டார். வாங்கியவரும் ஒரு குவேக்கர்தான்! அடுத்த முறை இன்னொருவர் அப்படிக் கேட்டபோது எழுத மறுத்துவிட்டார்.

பிறகு தையற்காரரானார். கூடவே நடத்திய கடை வியாபாரம் பெருகியபோது, நேரத்தையெல்லாம் அதுவே தின்கிறது என்று அதை விட்டுவிட்டார். 1746இல் தென் காலனிகளுக்குப் பயணம் போய் அடிமை வாழ்க்கையைக் கண்ணால் கண்டார். 1754இல் அடிமை முறைக்கு எதிராக ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடிமைகள் வேலை செய்யும் வீட்டில் தங்க நேர்ந்தால், அவர்களுக்குக் கூலியாகப் பணம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். விருந்தோம்பிய வீட்டுக்காரருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் விவகாரம் வெடித்தது. பொறுத்திருப்போம் என்றார்கள் சிலர். தாமதிக்கும் காலம் இதுவல்ல என்று வுல்மன் எழுந்து பேசினார். அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் நிர்வாகக் கூட்டங்களில் பங்கேற்கக் கூடாது என்றும், அடிமை வைத்திருப்போரை வீடு வீடாகச் சென்று சந்திக்க ஒரு குழு போக வேண்டும் என்றும் முடிவானது. அந்தக் குழுவில் வுல்மனும் இருந்தார்.

இங்கே பெஞ்சமின் லேயையும் சொல்லியாக வேண்டும். 1738இல் இதே குவேக்கர் கூட்டமொன்றில், புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்புச் சாற்றை இரத்தம்போல் பீய்ச்சி அடித்தவர். சபை அவரை விலக்கியது. விக்கிப்பீடியாவில் அடாவடி செய்து தடைசெய்யப்படும் பயனரைப் போலத்தான். ஆனால் லே சொன்னது சரி. பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் சிலர் அடிமை முறையை எதிர்த்து 1688இலேயே மனுக் கொடுத்திருந்தார்கள். முழுத் தடை வந்தது 1776இல். 88 ஆண்டுகள்! ஒரு கட்டுரை ஏழு நாள் காத்திருப்பதால் யாருக்கும் வலிக்காது. இங்கே காத்திருந்தவர்கள் மனிதர்கள். அவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் பேசும் இடமே இல்லை. ஒருமித்த கருத்தை நாம் புகழும்போது, அதற்கான விலையை அறைக்கு வெளியே நிற்பவர்கள் கட்டுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இணையத்தில் சலித்தவர் சத்தமில்லாமல் போய்விடுவார். கடைசிவரை தட்டச்சு செய்துகொண்டிருப்பவர் ஜெயித்துவிடுவார். வுல்மனோ, தம்மோடு முரண்பட்டவரின் வீட்டு வாசலுக்கே போய், அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

1772இல் வுல்மன் இங்கிலாந்து சென்றார். வண்டிக் குதிரைகளையும் அதில் வேலை செய்த சிறுவர்களையும் வதைப்பது பிடிக்காமல் ஊர் ஊராக நடந்தே போனார். யார்க் நகரில் பெரியம்மை கண்டு அந்த அக்டோபரில் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, அடிமை வைத்திருப்பவர் எவரும் சபையில் நீடிக்க முடியாது என்று பிலடெல்பியா கூட்டம் குறிப்பெழுதியது.