இரண்டாயிரம் ரூபாய் கார்

கெங்கவல்லிப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டில் நின்றால் ஏதாவது ஒரு கிணற்று மேட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். நம் நாட்டில் முதல் மின்மோட்டார் உருவானது 1937-ல், கோவையில். டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அதைச் செய்தவர் ஜி.டி. நாயுடு. இந்த மோட்டார் கதை பலருக்கும் தெரியும். அவர் கார் செய்த கதைதான் நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டி! பையனுக்குத் தூக்கம் போச்சு. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதை அக்கு அக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். அவருக்கு ஒர்க்‌ஷாப் பிராக்டிகல் அதுதான். ரெக்கார்டு நோட்டெல்லாம் கிடையாது!

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு அவரே ஓட்டினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. பஸ்ஸிலிருந்து ஷேவிங் ரேசர், ரேடியோ என்று கை போகாத இடமில்லை.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து வெளியே கொண்டு வந்தார். விலை 2,000 ரூபாய். சாதாரணக் குடும்பமும் கார் வாங்கலாம் என்பதுதான் அதன் பொருள். ஆனால் லைசென்ஸ் கிடைக்கவில்லை. 1951-ம் வருடத் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் தொழிற்சாலை நடத்த முடியாது. உற்பத்தி அதோடு நின்றது.

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. நாலைந்து கம்பெனிகள் போதும், அவையும் படிப்படியாக உள்நாட்டிலேயே முழுக் காரும் செய்யட்டும் என்று நினைத்தார்கள். ஆனால் உள்நாட்டிலேயே செய்து காட்டியவருக்குக் கதவு ஏன் திறக்கவில்லை? எனக்கு இன்னமும் அது ஆறவில்லை. மலிவு விலைக் கார் என்று டாடா நானோ விற்பனைக்கு வந்தது 2009-ல். நடுவில் 57 வருடம் போய்விட்டது, பாருங்கள்.

நம்மைப் போன்ற டிப்ளமோ பசங்களுக்கு இன்னொரு சேதி. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கியபோது அதற்குப் பணமும் கொடுத்து, முதல் பிரின்சிபாலாகவும் இருந்தவர் இவரே. மூன்றாம் வகுப்புக்காரர் பிரின்சிபால்! படிப்புக் காலம் நீளம், இரண்டே வருடம் போதும் என்றார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார். அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்ற ஸ்டாப்பிங் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். 2015-ல் அதே அவினாசி ரோட்டில் அவர் பெயரிலான அறக்கட்டளை ஒரு கார் மியூசியம் திறந்தது. அடுத்த இண்டஸ்ட்ரியல் விசிட் கோவை என்றால், அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லி ஹெச்.ஓ.டி. சாரிடம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.