இராபர்ட் வைட்

இராபர்ட் வைட் (ஜூலை 6, 1796 – மே 26, 1872) ஸ்காட்லாந்தில் பிறந்து, சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்து வகைப்படுத்தியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். படங்களுடன் கூடிய தாவரவியல் நூல்களைச் சென்னையிலேயே கல்லச்சில் பதிப்பித்ததும், படங்களை வரைந்த இந்திய ஓவியர்களின் பெயர்களைப் பதிவு செய்ததும் இவரது குறிப்பிடத்தக்க பணிகளாகும். இவர் வெளியிட்ட வண்ணம் தீட்டிய தாவரப் படங்கள் இன்று நூலகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் பேணப்படுகின்றன.

வாழ்க்கைக் குறிப்பு

வைட் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1819 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். படைப்பிரிவுகளில் மருத்துவப் பணி செய்துகொண்டே செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்திப் பாதுகாக்கத் தொடங்கினார்.

1826 இல் சென்னை அரசின் இயற்கை அறிவியலாளராக நியமிக்கப்பட்டார். எனினும் 1828 இல் அப்பதவி நீக்கப்பட்டது; அவர் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். அங்கும் தாவர ஆய்வைக் கைவிடவில்லை. 1831 இல் விடுப்பில் ஸ்காட்லாந்து சென்ற வைட், ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட் என்ற தாவரவியலாளருடன் இணைந்து தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலொன்றை எழுதினார். அதன் முதல் தொகுதி 1834 இல் வெளியானது. அடுத்த தொகுதிகள் வெளிவரவில்லை.

1834 இல் இந்தியா திரும்பிய அவர், 1836 இல் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டு, பருத்தி, புகையிலை முதலிய பயிர்களை ஆராயும் பொறுப்பேற்றார். 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி வகைகளைப் பயிரிடும் சோதனைகளை மேற்பார்வையிட்டார். 1853 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். 1855 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார்.

தாவரப் பட நூல்கள்

வைட்டுக்கு முன்னர் சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களைப் பற்றிய புகழ்பெற்ற பட நூலை வில்லியம் ராக்ஸ்பர்க் உருவாக்கினார். அதன் 300 படங்களுக்கும் மூலம் இந்திய ஓவியர்கள் வரைந்தவை. ஆனால் அவை இலண்டனில் செப்புத் தகடுகளில் செதுக்கி அச்சிடப்பட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்டு, 1795 முதல் 1820 வரை வெளிவந்தன. அவ்வோவியர்களின் பெயர்கள் அந்நூலில் இடம்பெறவில்லை.

செப்புத் தகட்டுச் செதுக்கலுக்குச் செலவும் காலமும் மிகுதி. எனவே வைட் கல்லச்சு முறையைத் தேர்ந்தெடுத்தார். இம்முறையில் வழவழப்பான சுண்ணாம்புக்கல்லின் மீது கொழுப்புத்தன்மையுள்ள மையால் படம் வரையப்படும். கல்லை நீரால் நனைத்து அச்சு மையைத் தடவினால், மை படத்தில் மட்டுமே ஒட்டும். இவ்வாறு 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த இவரது பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. இவை வண்ணமற்றவை. இதே காலத்தில் இந்தியத் தாவரக் குடும்பங்களை விளக்கும் நூலும் (1838–1850), நீலகிரித் தாவரங்கள் பற்றிய நூலும் (1846–1851) கையால் வண்ணம் தீட்டிய படங்களுடன் வெளிவந்தன.

ரங்கையாவும் கோவிந்துவும்

வைட்டுக்காக முதலில் படங்களை வரைந்தவர் ரங்கையா. இவர் தஞ்சாவூர் ஓவிய மரபைச் சேர்ந்தவர் எனக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 1845 முதல் கோவிந்து என்பவர் அப்பணியைத் தொடர்ந்தார். பூவின் உள்ளுறுப்புகளைப் பிரித்து, பெரிதாக்கிக் காட்டும் நுட்பமான படங்களை இருவரும் வரைந்தனர். அச்சிட்ட படங்கள் பலவற்றின் அடிப்பகுதியில் இவர்களது பெயர்கள் சிறிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்றும் பெயரிட்டார். அச்செடி தற்போது டிரோபிடியா என்ற பேரினத்தில் அடக்கப்படுவதால் அப்பெயர் வழக்கில் இல்லை. இவ்விருவரின் வாழ்க்கை பற்றி எஞ்சியுள்ள சான்றுகள் மிகச் சிலவே.

சேகரிப்புகள்

வைட்டின் ஓவியர்கள் வரைந்த 700க்கும் மேற்பட்ட மூல ஓவியங்கள் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் உள்ளன. அவற்றை ஆராய்ந்த ஹென்றி நோல்டி, 2007 இல் வைட்டையும் இரு ஓவியர்களையும் பற்றி மூன்று தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். வைட்டின் அச்சு நூல்களின் மின்வடிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பழைய தாவரப் படங்களைச் சேகரிப்போர் சில அடையாளங்களைக் கொண்டு அவற்றை இனங்காண்கின்றனர். செப்புத் தகட்டு அச்சில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் தாளில் காணப்படும். கல்லச்சில் அத்தடம் இராது. கையால் தீட்டிய வண்ணத்தை உருப்பெருக்கியால் நோக்கினால், பிற்கால வண்ண அச்சுகளில் உள்ள நுண்புள்ளிகள் தென்படா. ஒவ்வொரு தாளும் தனித்தனியே தீட்டப்பட்டதால், ஒரே படத்தின் இரு பிரதிகள் வண்ணத்தில் முற்றிலும் ஒத்திருப்பதில்லை.

சந்தையில் தனித்தாள்களுக்குத் தேவை இருப்பதால், உலகெங்கும் பழைய தாவர நூல்கள் பல பிரிக்கப்பட்டு விற்கப்பட்டுள்ளன. இதனால் படம் அதற்குரிய தாவர விளக்கத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. சட்டமிடுவதற்காகத் தாளின் ஓரத்தை வெட்டும்போது ஓவியரின் பெயரும் அழிந்துபோகக்கூடும். ரங்கையா, கோவிந்து போன்றோரைப் பொறுத்தவரை, அச்சிறு எழுத்துகள் அவர்களது பணிக்கு எஞ்சியுள்ள முக்கியச் சான்றுகளாகும்.

நினைவு

நத்தானியேல் வாலிக் என்ற தாவரவியலாளர் வைட்டியா என்னும் பேரினத்துக்கு இவரது பெயரைச் சூட்டினார். தென்னிந்தியத் தாவரங்கள் பலவற்றின் சிற்றினப் பெயர்களிலும் வைட்டின் பெயர் இடம்பெற்றுள்ளது.