தொட்டியைக் கவிழ்த்த மருத்துவர்

கோலார் தங்கவயலில் ஆங்கிலேயக் குழுமங்கள் சுரங்கம் வெட்டத் தொடங்கியிருந்த காலம். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து, மூங்கில் தட்டிகளால் அமைந்த வரிசை வீடுகளில் குடியேறின. அதே ஆண்டுகளில், அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், இளம் இராணுவ மருத்துவர் ஒருவர் கொசுத் தொல்லையால் அல்லலுற்றுக் கொண்டிருந்தார். அவர் பெயர் ரொனால்டு ராஸ்.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அப்போது மூன்று நாள்களே ஆகியிருந்தன. தந்தை படையதிகாரி. எட்டு வயதில் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட ராஸின் உள்ளம் கவிதையிலும் ஓவியத்திலும் இசையிலும் தோய்ந்தது. மருத்துவம் தந்தையின் விருப்பம். மகனுக்கு அதில் பெரிய நாட்டமில்லை. ஆயினும் கற்றுத் தேறி, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

1883இல் பெங்களூரில் அவருக்குத் தங்குவதற்கு ஒரு வீடு கிடைத்தது. வீடு நன்றாகவே இருந்தது. கொசுக்கள்தாம் பொறுக்க முடியாதவையாக இருந்தன. தம் அறையில் மட்டும் அவை ஏன் இத்தனை மிகுதி என்று ராஸ் சுற்றிலும் தேடினார். சன்னலுக்கு வெளியே ஒரு நீர்த்தொட்டி இருந்தது. குனிந்து பார்த்தபோது, நீரில் சிறு புழுக்கள் நெளிந்து கொண்டிருந்தன. அவை கொசுவின் குஞ்சுகள். ராஸ் தொட்டியைக் கவிழ்த்தார். அறையில் கொசுக்கள் அருகிப்போயின.

மகிழ்ச்சியுடன் அவர் படைப்பிரிவு அதிகாரி ஒருவரிடம் இதைக் கூறினார். அதிகாரிகளின் உணவு விடுதியிலும் தோட்டத் தொட்டிகளிலும், பூச்சாடிகளிலும், உணவு மேசையின் அடியில் வைத்திருந்த தகரக் குவளைகளிலும் கொசு வளர்வதைச் சுட்டிக்காட்டி, அவற்றையும் காலி செய்யலாம் என்றார். அதிகாரியோ ஏளனம் செய்தார். கொசுக்கள் ஏதோ ஒரு நோக்கத்துக்காகப் படைக்கப்பட்டவை என்றும், இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கலாகாது என்றும், பொறுத்துக்கொள்வதே கடமை என்றும் கூறி மறுத்துவிட்டார். எளிய செயல் என்பதனாலேயே ஒரு நல்ல யோசனை புறக்கணிக்கப்படுவதுண்டு.

கொசு வெறும் தொல்லை என்றே அன்று ராஸும் எண்ணியிருந்தார். மலேரியாக் காய்ச்சல் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருவதாக மக்கள் நம்பினர். கெட்ட காற்று என்பதே அச்சொல்லின் பொருள். 1880இல் லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் குருதியில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். ஆனால் அது உடலுக்குள் புகும் வழி தெரியவில்லை. 1894இல் இலண்டனில் பேட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவர், கொசுவின்மீது தமக்கிருந்த ஐயத்தை ராஸிடம் கூறினார். மறு ஆண்டு இந்தியா திரும்பிய ராஸ் அதையே தம் வாழ்வின் வேலையாகக் கொண்டார்.

வேலை எளிதாக இல்லை. 1895இல் பெங்களூரில் வாந்திபேதி பரவியபோது அதைத் தடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்து, ஆராய்ச்சி இடையில் நின்றது. 1897இல் உதகமண்டலத்தை அடுத்த சீகூர்ப் பகுதிக்கு ஆராயச் சென்று, தாமே மலேரியாவில் வீழ்ந்தார். பின்னர்ச் செகந்தராபாத்தில் உசேன்கான் என்னும் நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றுக்கொண்டு தம்மைக் கடிக்கவிட இசைந்தார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், கடித்த கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியை ராஸ் கண்டார். உசேன்கானின் பங்கு இல்லையேல் அந்நாள் வந்திராது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆராய்ந்து, கொசுவின் உமிழ்நீர் வழியாகவே கிருமி பரவுவதை மெய்ப்பித்தார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். இந்திய மண்ணில் பிறந்தவர்களுள் அப்பரிசை முதலில் பெற்றவர் அவரே.

பரிசைக் காட்டிலும் பெரிய செய்தி, அவர் மீண்டும் தொட்டிக்கே திரும்பியதுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரில், உடைந்த புட்டிகளையும் பழைய தகர டப்பாக்களையும் வண்டிகளில் அள்ளிச் செல்லவும், தேங்கிய குட்டைகளை வடிக்கவும் ஆட்படை அமைத்தார். சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவில் வீடுதோறும் தேங்கிய நீரை நீக்குமாறு வழிகாட்டினார். சில ஆண்டுகளில் அங்கே மலேரியா பெரிதும் ஒழிந்தது. ராஸ் 1932 செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

இன்று தங்கவயலின் சுரங்கங்கள் மூடிக்கிடக்கின்றன. 2001இலேயே வேலை நின்றுவிட்டது. சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் பலர் மாரிக்குப்பம் இரயிலில் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். ராஸ் காலத்துத் தொட்டியின் இடத்தில் இப்போது நெகிழி டிரம்மும் மாடியில் நீர்த்தேக்கமும் இருக்கின்றன. குழாய் நீர் நாள் தவறி வரும் ஊர்களில் நீரைச் சேமிக்காமலும் இருக்க இயலாது. மலேரியாவைப் பரப்பும் கொசுவகை ஒன்று நகரங்களின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் முட்டையிடும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு டிரம், பூச்சாடி, பழைய டயர், கொட்டாங்கச்சி ஆகியவற்றை நாடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆதலால் நீர்க்கலங்களை இறுக மூடிவைத்து, வாரம் ஒருமுறை காலி செய்ய வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது; டெங்குக் கொசுவின் முட்டை கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதம் உயிரோடிருக்கும். நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் அது நீங்கும்.