குளிர்தேசத்தில் குலை தள்ளிய வாழை

ஈரச்சந்தைக்குப் போனால் நாம் வாழைப்பழத்தைப் பெயர் சொல்லித்தான் வாங்குகிறோம். பிசாங் மாஸ் ஒரு சீப்பு, பிசாங் பெராங்கான் ஒரு சீப்பு, பொரிப்பதற்கென்றால் பிசாங் ராஜா. ஆனால் பேரங்காடியில் நெகிழிப்பையில் அடைபட்டு, ஒரே நீளம், ஒரே வளைவு, ஒரே மஞ்சளாகக் கிடக்கும் பழத்தின் பெயரை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அதற்குக் கேவண்டிஷ் என்று பெயர். அது ஓர் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தின் பெயர். உறைபனி விழும் நாட்டுக் குடும்பத்தின் பெயர் எப்படி வாழைக்கு வந்தது? அதற்கு விடை தேடிப் போனால் ஒரு தோட்டக்காரரின் வாழ்க்கையில் போய் நிற்போம்.

ஜோசப் பேக்ஸ்டன் 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷியர் வட்டாரத்தில் உள்ள மில்டன் பிரையன் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம், ஏழாவது மகன். ஏழு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைசிப் பையனுக்கு நிலம் மிஞ்சாது. பதின்ம வயதிலேயே பணக்காரர்களின் தோட்டங்களில் வேலைக்குப் போனார். 1823ல் லண்டனுக்கு அருகே சிசிக் என்ற இடத்தில் தோட்டக்கலைச் சங்கம் நடத்திய தோட்டத்தில் சேர்ந்தார். சேரும்போது தாம் பிறந்த ஆண்டு 1801 என்று எழுதிக்கொடுத்தார். இரண்டு வயது கூட்டிச் சொன்னால் இடம் கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பிற்காலத்தில் இந்தப் பொய்யால் குழம்பிப்போனார்கள்.

அந்தத் தோட்டத்தின் நிலம் ஆறாம் டெவன்ஷியர் பிரபுவுக்குச் சொந்தம். அவர் பெயர் வில்லியம் கேவண்டிஷ். திருமணம் செய்துகொள்ளாதவர், பெரும் செல்வர், காது சற்று மந்தம். தோட்டத்தில் உலாவ வரும்போது இந்த இளைஞரோடு பேசிப் பழகினார். பேக்ஸ்டன் அவருக்குப் புரியும்படி தெளிவாகப் பேசுவார் என்பதும் நெருக்கத்துக்கு ஒரு காரணம் என்பார்கள். 1826ல் பிரபு அவரை டார்பிஷியர் மலைப்பகுதியில் உள்ள தம் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். அப்போது பேக்ஸ்டனுக்கு வயது 22. இதைப் படிக்கும் பலருக்கும் எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

பிரபு ரஷ்யாவுக்குப் புறப்பட்டுவிட்டார். பேக்ஸ்டன் இரவு முழுவதும் குதிரைவண்டியில் பயணம் செய்து, மே 9ஆம் தேதி விடிகாலை நாலரை மணிக்குச் சாட்ஸ்வொர்த் வந்து சேர்ந்தார். வாசற்கதவைத் திறக்க ஆளில்லை. சுவரேறிக் குதித்து உள்ளே போய்த் தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு வேலையாட்கள் வந்ததும் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். பிறகு மாளிகையின் நிர்வாகப் பெண்மணியோடு காலை உணவு. அங்கே அவருடைய சகோதரி மகள் சாரா பௌனைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே இருவருக்கும் திருமணம். பின்னாளில் பேக்ஸ்டன் ஊர் ஊராக அலைந்தபோது வீட்டையும் வேலையாட்களையும் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொண்டவர் இந்தச் சாராதான். அவர் இல்லாவிட்டால் பேக்ஸ்டன் ஒரு நல்ல தோட்டக்காரராக மட்டும் இருந்திருப்பார் என்பது என் கணிப்பு.

இனி வாழைக்கு வருவோம்.

தெற்குச் சீனாவில் வளர்ந்த ஒரு குட்டை வாழை 1826ல் மொரீஷியஸ் தீவுக்குப் போனது. அங்கிருந்து 1829ல் இங்கிலாந்துக்கு வந்தது. அந்த வகையின் செடி ஒன்றைப் பேக்ஸ்டன் பிரபுவுக்காக வாங்கினார். மாளிகையின் ஓர் அறையில் ஒட்டியிருந்த சீனச் சுவர்த்தாளில் வரைந்திருந்த வாழைமரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்தது என்று ஒரு கதை உண்டு.

அது குட்டை என்பது மிக முக்கியம். நம் ஊர்களில் வாழை கூரையைத் தாண்டி வளர்ந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. கண்ணாடி வீட்டுக்குள் வளர்க்கும்போது, மரம் கூரையை முட்டும், இலை கண்ணாடியில் கிழியும், குலை தள்ள இடமிருக்காது. இந்தச் சீன வாழை ஓர் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டும் அளவில் குலை தள்ளிவிடும்.

குளிர் வாழையை என்ன செய்யும் என்பது நமக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரு சோதனையை நாம் எல்லாரும் வீட்டில் செய்திருக்கிறோம். வாழைப்பழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் தோல் கறுத்துப்போய்ப் பாட்டியிடம் திட்டு வாங்கியிருக்கிறோம். ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வாழைப்பழத் தோலின் திசு சிதைந்து கறுக்கிறது. மரத்துக்கும் இதே கதைதான். குளிர் கூடக்கூடப் புது இலை விடுவது குறைந்து நின்றுவிடும். உறைபனி பட்டால் இலைகள் வெந்தவைபோல் தொங்கிவிடும். தண்டு என்று நாம் சொல்வது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று சுருண்ட இலையடிகள்தான். நீர் நிறைந்த அந்தப் பகுதி உறைந்தால் அழுகிச் சாயும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மட்டும் பிழைத்தால் வசந்தத்தில் மறுபடி கன்று விடும்.

இன்றும் இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் வாழை வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து வந்த, நாருக்காக வளர்த்த ஒரு வகை ஓரளவு குளிர் தாங்கும். குளிர்காலம் தொடங்கும்போது இலைகளை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றி வைக்கோலைக் கட்டி, மேலே துணி சுற்றி, அடியில் மூடாக்குப் போட்டுவிடுவார்கள். மரம் பிழைக்கும். ஆனால் பழம்? தண்டு உயிரோடு இருந்து, வேண்டிய இலைகளை எல்லாம் விட்டு முடித்த பிறகுதான் அதன் நடுவிலிருந்து பூ வரும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தண்டு செத்து, கிழங்கிலிருந்து மறுபடி தொடங்கினால் பூ வரவே வராது. ஆகவே பழம் வேண்டுமென்றால் ஒரு நாள்கூடக் குளிர் படாமல் ஆண்டு முழுவதும் காக்க வேண்டும்.

பேக்ஸ்டன் அதைத்தான் செய்தார். வளமான மண், நன்றாக மக்கிய சாணம், தாராளமாகத் தண்ணீர். வெப்பநிலையை 18க்கும் 30 டிகிரிக்கும் இடையே வைத்திருந்தார். நமக்கு அது சாதாரண நாள். டார்பிஷியரில் டிசம்பர் மாதம் பகல்பொழுதே ஏழரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் இருட்டு, வெளியே பனி. இரவில் நெருப்பு அணைந்தால் விடிவதற்குள் செடி கெட்டுவிடும். அந்தக் காலத்துக் கண்ணாடி வீடுகளில் இரவெல்லாம் நெருப்பைக் காக்கும் வேலை இளம் தோட்டக்காரர்களுடையது. அவர்களில் யாருடைய பெயரும் எந்த வாழைக்கும் வைக்கப்படவில்லை.

1835 நவம்பரில், வெளியே குளிர்காலம் தொடங்கும் வேளையில், கண்ணாடி வீட்டுக்குள் வாழை பூத்தது. 1836 மே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட காய்கள். தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. பேக்ஸ்டன் தம் முதலாளியின் குடும்பப் பெயரைச் சூட்டி, தாம் நடத்திய தாவரவியல் இதழில் அதை மூசா கேவண்டிஷி என்று எழுதினார். நட்டவர் பெயர் இல்லை. அதற்குப் பல காலம் முன்பே அந்த வாழையை வளர்த்துவந்த சீன விவசாயிகள் அதற்கு வைத்திருந்த பெயரும் இல்லை. அந்தக் கால வழக்கம் அது என்று சொல்லிவிடலாம். எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

பிரபுவின் பணமும் பேக்ஸ்டனின் ஆர்வமும் சேர்ந்து செடி தேடி ஆட்களை அனுப்பின. 1835ல் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரர் இந்தியாவுக்குப் போய், காசி மலைகளில் ஆர்க்கிட் மலர்ச்செடிகளைத் திரட்டி 1837ல் திரும்பினார். அந்த வெற்றியைப் பார்த்து, 1838ல் வேலஸ், பேங்க்ஸ் என்ற இரு இளைஞர்களை வட அமெரிக்காவின் மேற்குக் கரையை நோக்கி அனுப்பினார்கள். கொலம்பியா ஆற்றின் சுழலில் படகு கவிழ்ந்து இருவருமே இறந்துபோனார்கள். ஒரு மாளிகைத் தோட்டத்தின் அழகுக்கு இவ்வளவு விலை. இந்தச் செய்தி பேக்ஸ்டனைக் கடுமையாகப் பாதித்தது. அதன் பிறகு இப்படி ஆளனுப்புவது நின்றுவிட்டது.

அதே 1838ல் தென்பசிபிக் தீவுகளுக்குப் புறப்பட்ட ஜான் வில்லியம்ஸ் என்ற சமயப் பரப்புநரிடம் சாட்ஸ்வொர்த் வாழைக் கன்றுகளைக் கொடுத்தனுப்பினார்கள். நீண்ட கடற்பயணத்தில் பெரும்பாலானவை பட்டுப்போயின. பிழைத்த கன்று சமோவாவில் வேர்பிடித்தது. அடுத்த ஆண்டே வில்லியம்ஸ் எரொமாங்கோ தீவில் கொல்லப்பட்டார். அவர் கொண்டுபோன வாழை மட்டும் பக்கத்துத் தீவுகளுக்கும் பரவியது.

உலகத்துக் கேவண்டிஷ் வாழை எல்லாமே சாட்ஸ்வொர்த் மரத்தின் பிள்ளைகள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. ஆசியாவில் அந்த வகை முன்பே இருந்தது. வேறு வழிகளிலும் பரவியது. ஆனால் ஒன்று உண்மை. இந்த வாழைக்கு விதை கிடையாது. பக்கக்கன்றைப் பிரித்து நட்டுப் பெருக்குவார்கள். ஆகவே ஒவ்வொரு மரமும் தாய்மரத்தின் நகல். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் குரோ மிஷேல் என்ற ஏற்றுமதி வாழையைப் பனாமா வாடல் நோய் அழித்தபோது, அந்நோயைத் தாங்கிய கேவண்டிஷ் அதன் இடத்துக்கு வந்தது. இப்போது அதே நோயின் புதிய வகை ஒன்று கேவண்டிஷையும் தாக்குகிறது. 1990களில் மலேசியாவிலும் இந்தோனீசியாவிலும் பெருந்தோட்டங்களே அதற்குப் பலியாயின.

பேக்ஸ்டன் வாழையோடு நிற்கவில்லை. 1836ல் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பிரம்மாண்டமான கண்ணாடி மாளிகையைக் கட்டத் தொடங்கி 1840ல் முடித்தார். கிரேட் ஸ்டோவ் என்று பெயர். பெரிய அடுப்பு என்று பொருள். அகலம் 123 அடி. அப்போது உலகின் மிகப் பெரிய கண்ணாடிக் கட்டடம். விக்டோரியா அரசியார் 1843ல் வந்தபோது குதிரைவண்டியில் அமர்ந்தபடியே அதற்குள் சென்று வந்தார்.

இதன் நுட்பம் அறிவியல் மாணவர்களுக்குப் பிடிக்கும். கூரைக் கண்ணாடியைத் தட்டையாகப் பதிக்காமல், மடித்த தாளைப்போல் மேடும் பள்ளமுமாக வைத்தார். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் குளிர்கால வெயில்கூட ஏதாவது ஒரு சாய்வில் நேராகப் படும். நிலத்துக்கு அடியில் எட்டுக் கொதிகலன்கள். அவற்றிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுடுநீர்க் குழாய்கள். சூடான நீர் இலேசாகி மேலேறும், ஆறிய நீர் கனத்துக் கீழிறங்கும். நிலக்கரி சுரங்கப்பாதை வழியே தள்ளுவண்டியில் வந்தது. புகையை ஒரு நீண்ட வழியில் கொண்டுபோய்த் தொலைவில் காட்டுக்குள் வெளியேற்றினார்கள். உள்ளே உலாவும் விருந்தினர் கண்ணில் கரியும் படக்கூடாது, கரி அள்ளுபவரும் படக்கூடாது. கண்ணாடிக்கு அரசு வரி போட்டிருந்த காலத்தில் இதைக் கட்டினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நடந்தவை பாடநூல்களில் இருக்கின்றன. 1849ல் கியூ தோட்டத்திலிருந்து வந்த ராட்சத அல்லிச் செடியைச் சுடுநீர்த் தொட்டியில் வைத்து, இங்கிலாந்திலேயே முதன்முதலாகப் பூக்கவைத்தார். அதன் இலைமேல் தம் சின்ன மகளை நிறுத்திக் காட்டினார். அடுத்த ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த 245 கட்டட வடிவங்களையும் நடுவர்கள் ஒதுக்கியபோது, ரயில் நிறுவனக் கூட்டமொன்றில் உட்கார்ந்தபடி மையொற்றுத் தாளில் ஒரு படம் கிறுக்கினார். ஓராண்டுக்குள், 1851 மே முதல் தேதி, அந்தக் கிறுக்கல் பளிங்கு அரண்மனையாக ஹைட் பார்க்கில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 60 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். கட்டடக்கலை படிக்காத தோட்டக்காரருக்கு அரசியார் சர் பட்டம் வழங்கினார். 1854ல் கோவென்ட்ரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1858ல் பிரபு இறந்ததும் சாட்ஸ்வொர்த் வேலையை விட்டார். 1865 ஜூன் 8ஆம் தேதி லண்டனின் சிடன்ஹமில் காலமானார். சாட்ஸ்வொர்த்தை அடுத்த எடன்சர் கிராமத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

பெரிய அடுப்பு அவருக்குப் பின் அரை நூற்றாண்டு எரிந்தது. முதல் உலகப் போர் வந்தது. நிலக்கரி போருக்குப் போனது. கரி அள்ளிய இளைஞர்களும் போருக்குப் போனார்கள். கொதிகலன்கள் குளிர்ந்தன. உள்ளே இருந்த வெப்பமண்டலச் செடிகள் குளிரில் செத்துப்போயின. போர் முடிந்த பின் அதைப் பழுதுபார்க்கப் பணமில்லை. 1920ல் வெடிவைத்துத் தகர்க்க முடிவு செய்தார்கள். அந்த வேலையை ஏற்றவர் சார்ல்ஸ் மார்க்கம், பேக்ஸ்டனின் மகள்வழிப் பேரன். முதல் வெடிக்குக் கட்டடம் விழவில்லை. பல முறை வைத்த பிறகுதான் சாய்ந்தது. அதன் அடித்தளச் சுவர்களுக்கு நடுவே இப்போது ஒரு புதர்வேலிப் புதிர்பாதை இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் வேறொரு கண்ணாடி வீட்டுக்குள் கேவண்டிஷ் வாழை இன்றும் குலை தள்ளுகிறது.