தட்டில் ஓடும் அலைகளைக் கணித்த ஹொறஸ் லாம்

நாம் இந்நாட்டில் வந்திறங்கிய விமானத்தின் இறக்கை மெல்லிய உலோகத் தகடுகளால் ஆனது. அத்தகட்டிலே மயிரிழை போன்றதொரு வெடிப்புத் தோன்றினால் அது எளிதிற் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இத்தகைய வெடிப்பைத் தேடிச் செல்லக்கூடிய அலைகளுக்கு, முன்னொரு காலத்தில் அடிலெய்ட் நகரிற் கணிதம் கற்பித்த பேராசிரியரொருவரின் பெயர் வழங்குகின்றது. அவரே ஹொறஸ் லாம்.

அவர் 1849 இல் இங்கிலாந்தின் ஸ்ரொக்போட் நகரிற் பிறந்தார். பஞ்சாலை மேற்பார்வையாளரான தந்தையார் இளமையிலேயே இறந்துவிட, தாயின் சகோதரி அவரை வளர்த்தார். 1872 இல் கேம்பிறிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்று, ரிறினிற்றிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். அக்காலத்தில் அப்பதவி வகிப்போர் பொதுவாக மணம்புரியாதிருத்தல் வேண்டும். லாம் 1875 இல் எலிசபெத் பூட் என்பவரை மணந்தார். மறு ஆண்டே கடல் கடந்து, தொடங்கி இரண்டே ஆண்டுகளான அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் முதற் கணிதப் பேராசிரியரானார். புலம்பெயர்ந்தோராகிய நமக்கு இப்பயணத்தின் கனம் விளங்கும். மாணவரோ மிகச் சிலர். அங்கிருந்தபோதே, 1879 இல், பாய்பொருள்களின் இயக்கம் பற்றிய நூலை வெளியிட்டார். பின்னர் அது விரிந்து பல பதிப்புகளைக் கண்டது. 1885 இல் மஞ்செஸ்ரருக்குத் திரும்பினார். அவருக்குப் பின் அடிலெய்டில் அப்பதவியை ஏற்ற வில்லியம் பிறாக், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர்.

தமது 67 ஆவது வயதில், 1917 இல், மீள்தன்மையுள்ள தட்டில் அலைகள் செல்லும் விதத்தை லாம் ஆராய்ந்து வெளியிட்டார். தட்டின் இரு முகங்களும் அலையை உள்ளேயே மறித்து நெடுகச் செலுத்துகின்றன. ஒருவகை அலையில் தட்டு பருத்தும் ஒடுங்கியும் அசையும். மற்றையதில் பாம்புபோல் நெளியும். அலையின் வேகம் தட்டின் தடிப்பையும் அதிர்வெண்ணையும் பொறுத்து மாறும். இவை யாவும் காகிதத்திற் செய்த கணக்குகளே. அவற்றைக் கொண்டு வெடிப்புத் தேடும் காலம் வருமுன்னரே, 1934 டிசம்பர் 4 அன்று அவர் மறைந்தார்.

வெடிப்பைத் தேடவேண்டிய தேவையை இந்நாடு பெருந்துயரத்தின் வாயிலாக அறிந்தது. 1945 ஜனவரி 31 அன்று மெல்பேணிலிருந்து புறப்பட்ட ஸ்ரின்சன் விமானமொன்று இறக்கை முறிந்து வீழ, அதிலிருந்த பத்துப் பேரும் மாண்டனர். மீண்டும் மீண்டும் சுமையேறுவதால் உலோகம் களைத்து வெடித்ததே காரணம். மெல்பேணின் விமான ஆய்வுகூடம் உலோகக் களைப்பு ஆராய்ச்சியிற் புகழ்பெற்றது அதன் பின்னரே.

இன்று தட்டின் மீது சிறு உணரிகளை ஒட்டி, ஒன்றிலிருந்து மீயொலி அலையை அனுப்புகின்றனர். வெடிப்பிற் பட்டுச் சிதறும் அலை ஏனைய உணரிகளைச் சற்றுப் பிந்தி அடையும். அத்தாமதத்தைக் கொண்டு ஒவ்வோர் இணை உணரிக்கும் ஒரு நீள்வட்டம் வரைந்தால், அவை யாவும் வெட்டுமிடமே வெடிப்பு. அவ்வாறே உட்சேதத்தின் படம் கிடைக்கின்றது. எண்ணெய்க் குழாய்களில் இவ்வின முறை வழக்கிலுள்ளது. விமானங்களில் நிரந்தரமாகப் பொருத்துதற்கு ஆய்வுகள் நடைபெறுகின்றன. இடர் ஒன்றுண்டு. வெப்பநிலை மாறினால் அலையின் வேகமும் மாறும்; ஒரே நாளில் நான்கு பருவங்களையும் காட்டும் மெல்பேணிலே, காலைப் பதிவை மாலைப் பதிவோடு ஒப்பிடுகையில், இல்லாத வெடிப்பொன்று இருப்பதுபோற் தோன்றக்கூடும்.