முட்டையின் மறைபொருளை நாடிய மோர்கன்

தோமஸ் ஹன்ட் மோர்கன் என்றதும் விலங்கியல் பயில்வோர்க்குப் பழ ஈயும் நிறமூர்த்தமுமே நினைவுக்கு வரும். ஆயின் அப்பேரறிஞரின் உள்ளத்தை முதன்முதற் கவர்ந்தது முட்டையே. வடிவமற்ற ஒரு துளியிலிருந்து தலையும் வாலும் முறையாய் அமைந்த உயிர் தோன்றும் விதம் யாது? இளமையில் அவரைப் பற்றிய இவ்வினா இறுதிவரை அவரை விட்டகலவில்லை.

1866ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரிற் பிறந்தார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1890இற் கலாநிதிப் பட்டம் பெற்று, பிறின் மோர் மகளிர் கல்லூரியில் ஆசிரியரானார். இரு கலங்களாய்ப் பிரிந்த தவளை முட்டையில் ஒரு கலத்தைச் சுட்ட ஊசியாற் கொன்றால் மற்றையது அரை முளையமாகவே வளரும் என ஜெர்மானிய அறிஞர் ரூ காட்டியிருந்தார். மோர்கன் 1895இல் அவ்வெஞ்சிய கலத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அது சிறியதாயினும் முழு முளையமாயிற்று! அவ்வாறாயின் அக்கலத்தின் விதியை அங்கே வகுத்தது எது?

1904இற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். மெண்டலின் கொள்கையையும் நிறமூர்த்தக் கொள்கையையும் அந்நாளில் அவர் ஐயுற்றே நோக்கினார். பாற்போத்தல்களில் வாழைப்பழமூட்டி வளர்த்த ஈக்களிடையே 1910இல் வெள்ளைக் கண்ணுடைய ஆண் ஈ ஒன்று தோன்றியது. அதன் பேரப்பிள்ளைகளில் வெள்ளைக் கண் ஆண்களிடத்தே மட்டும் காணப்பட்டது. அக்கண்ணுக்குரிய பரம்பரையலகு பால் நிறமூர்த்தத்தில் உள்ளதென்பது தெளிவாகவே, ஐயுற்றவரே அக்கொள்கையின் தூணானார். தமது முடிவைச் சான்றுக்காகக் கைவிடும் துணிவு அறிஞர் பலர்க்கும் வாய்ப்பதன்று. மாணவர் ஸ்டேர்ட்டவன்ற் 1913இல் பரம்பரையலகுகளின் முதல் வரைபடத்தை வெளியிட்டார்; பிறிட்ஜஸ், மல்லர் என்போரும் அச்சிற்றறையிலேயே உருவாயினர்.

1928இற் கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகத்திற்குச் சென்றார். 1933இல் நோபெல் பரிசு கிடைத்தபோது, அப்பணத்தைத் தம் பிள்ளைகளோடு பிறிட்ஜஸ், ஸ்டேர்ட்டவன்ற் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் பங்கிட்டார்.

எனினும் பழைய வினா எஞ்சி நின்றது. எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரையலகுகள் இருப்பின், ஒரு முனை தலையாகவும் மறு முனை வாலாகவும் மாறுவதேன்? 1934இல் முளையவியலையும் பரம்பரையியலையும் பற்றி எழுதிய நூலில் அவர் ஒரு விடையை ஊகித்தார். முட்டையின் பகுதிதோறும் குழியவுரு வேறுபடும். அவ்வேறுபாடு வெவ்வேறு பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்தும். அவற்றின் விளைவு குழியவுருவை மாற்ற, வேறு அலகுகள் விழித்தெழும் என்பதே அது. நூலின் பெயரில் இணைந்த இரு துறைகளும் உள்ளே தனித்தனியே நிற்கின்றன என்பதும் உண்மையே. சான்று அவரிடம் இல்லை. 1945 டிசெம்பர் 4ஆந் திகதி அவர் காலமானார்.

சான்று அவருடைய ஈயிடமிருந்தே வந்தது. ஈயின் சூலகத்தில் முட்டையை அடுத்துள்ள 15 போசணைக் கலங்கள் தாயின் பரம்பரையலகுகளினது செய்திகளை முட்டையினுள் ஊட்டுகின்றன. அவற்றுள் 'பைகொயிட்' என்பதன் செய்தி முன் முனையிலே தங்குகின்றது. முட்டை இடப்பட்டபின் அதிலிருந்து உண்டாகும் புரதம் முன்னே செறிந்தும் பின்னே ஐதாகியும் பரவி, செறிவுக்கேற்பப் பரம்பரையலகுகளை எழுப்புகின்றது. அவ்வலகு பழுதுற்ற தாயின் முட்டையில் தலையும் மார்பும் தோன்றா. இப்புரதத்தின் பரவலை 1988இல் ஜெர்மனியில் நுஸ்லைன்-வொல்ஹார்ட்டும் அவருடைய மாணவரும் காட்டினர். 1995இல் நோபெல் பரிசை அவ்வம்மையாருடன் பகிர்ந்த இருவருள் எட்வேர்ட் லூயிஸ் ஒருவர். அவர் ஸ்டேர்ட்டவன்றின் மாணவர்.