அணை கண்ட காட்டன்

இயற்கையின் ஆற்றலை அறிந்து, அதனை மக்களுக்கு நலம் பயக்குமாறு நெறிப்படுத்தும் கலையே பொறியியல் ஆகும். அக்கலைக்குரிய சொற்களுள் பல, நூல்களில் இடம்பெறுவதற்கு முன்னரே ஆற்றங்கரையிலும் வயல்வெளியிலும் பிறந்தவை. அணைக்கட்டு, மதகு, கடைகால், வாட்டம் என்பன அத்தகைய சொற்கள். அவற்றின் பொருளைத் தம் வாழ்நாட் பணியால் விளங்க வைத்தவர் சர் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர்.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப் பொறியாளராகப் பயிற்சி பெற்று, 1821ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திற்கு வந்தார். சில ஆண்டுகளில், காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்தில் தஞ்சை நாட்டைப் பெருங்கவலை ஒன்று சூழ்ந்திருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரு கிளையாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயருடனேயே சென்று தஞ்சை வயல்களுக்கு நீர் ஊட்டுகின்றது. வடகிளையாகிய கொள்ளிடம் வெள்ளநீரைக் கடலுக்குக் கொண்டு செல்கின்றது. தரையோ ஆற்றுப் படுகையோ தாழ்ந்து செல்லும் சரிவினை வாட்டம் என்பர். கொள்ளிடத்திற்கு வாட்டம் மிகுதி. ஆதலின் நீர் அதனையே மிகுதியாக நாடிற்று. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. ஆண்டுதோறும் மணலை அகற்றியும் பயன் விளையவில்லை. இந்நிலை நீடிப்பின், நெல் விளைந்த நிலங்கள் வறண்டு போதல் திண்ணம்.

கொள்ளிடத்தின் குறுக்கே தடுப்புச் சுவர் ஒன்றை எழுப்பினால் நீர் காவிரிக்குத் திரும்பும் எனக் காட்டன் கண்டார். ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. கட்டடத்தின் சுமை முழுவதையும் தாங்கும் அடிப்பகுதிக்குக் கடைகால் என்று பெயர். பாறை காணப்படாத ஆழ்ந்த மணற்படுகையில் கடைகால் எவ்வாறு நிலைத்து நிற்கும்?

இவ்வினாவிற்கு விடை, அவர் கண்முன்னரே நின்றது. அதுவே கல்லணை. கரிகாற் சோழன் அமைத்ததாகக் கூறப்படும் அவ்வணையைக் காட்டன் நுணுகி ஆராய்ந்தார். பழந்தமிழர் பெரும் பாறைக் கற்களை மணலின்மீது இட்டனர். நீர் அடிமணலை அரிக்க அரிக்கக் கற்கள் கீழே புதைந்தன. அவற்றின்மேல் மீண்டும் கற்களை அடுக்கினர். இனிப் புதையாது என்னும் நிலை வந்தபின், அக்கற்களே உறுதியான கடைகாலாய் அமைந்தன. மணலாற்றில் கடைகால் அமைக்கும் முறையைத் தாம் அப்பழைய பணியாளரிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தைச் சார்ந்தவராயினும், ஆளப்பட்ட மக்களின் முன்னோரை ஆசிரியராக ஏற்க அவர் நாணவில்லை.

1834ஆம் ஆண்டு தொடங்கி 1836ஆம் ஆண்டிற்குள் கொள்ளிடத்தில் இரண்டு அணைக்கட்டுகள் எழுந்தன. முக்கொம்பில் அமைந்தது மேலணை. அணைக்கரையில் அமைந்தது கீழணை. மேட்டூர் அணை போன்றது நீரைத் தேக்கி வைக்கும் தேக்கணை. அணைக்கட்டோ உயரம் குறைந்தது. அது நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்தி, வேண்டிய நீரை வாய்க்காலில் திருப்பி, மிகுந்த வெள்ளத்தைத் தன்மேல் வழிந்தோட விடும். நீரை வேண்டிய அளவு திறந்து விடவும் அடைக்கவும் உதவும் வாயில் மதகு எனப்படும். அணைக்கருகே தேங்கும் மணலை வெளியேற்றும் வாயில் மணற்போக்கி ஆகும். மேலணையால் தஞ்சை வயல்கள் மீண்டும் தழைத்தன. ஆனால் காவிரியில் நீர் எதிர்பார்த்ததினும் மிகுதியாகப் பாய்ந்து, அதன் படுகையை அரிக்கத் தொடங்கிற்று. ஆகவே காவிரியின் தலைப்பிலும் தடுப்பு அமைக்க நேர்ந்தது. ஓர் ஆற்றைத் தொட்டவர் அதன் போக்கினை இடைவிடாது கண்காணித்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

பின்னர்க் காட்டனின் நோக்கம் கோதாவரியின்பால் சென்றது. 1833ஆம் ஆண்டுப் பஞ்சம் ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் எண்ணற்ற உயிர்களைக் கொள்ளை கொண்டிருந்தது. பேராறு ஒன்று பெருகிக் கடலில் கலக்க, அதன் கரையில் வாழ்வோர் பசியால் மடிந்த கொடுமை அவர் நெஞ்சை வாட்டிற்று. தௌலேசுவரத்தில் அணைக்கட்டு அமைக்க அவர் திட்டம் வகுத்தார். 1847ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. ஆற்றிடைத் தீவுகளை இணைத்து, நான்கு பகுதிகளாக, ஏறத்தாழ 12,000 அடி நீளமுள்ள அணைக்கட்டு 1852ஆம் ஆண்டு நிறைவுற்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளரின் உழைப்பும், உடல்நலிவையும் பொருட்படுத்தாத காட்டனின் ஊக்கமும் அதனை முடித்தன. வறண்ட நிலம் நெல்வயலாயிற்று. கால்வாய்களில் படகுகளும் ஓடின.

1861ஆம் ஆண்டு சர் பட்டம் பெற்ற காட்டன், 1899ஆம் ஆண்டு சூலை மாதம் தமது 96ஆம் வயதில் இங்கிலாந்தில் மறைந்தார். கோதாவரியில் பழைய அணைக்கட்டிற்கு மாற்றாகப் பின்னாளில் எழுந்த புதிய அணை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. முக்கொம்பு மேலணையின் ஒரு பகுதி 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் சரிந்தது. அதற்கு முன் அது 182 ஆண்டுகள் உழவர்க்குப் பணி செய்திருந்தது.

அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல், சிறிதே உருமாறி ஆங்கிலப் பொறியியல் நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. கற்களை அடுக்கிய முன்னோரின் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் கண்ட முறையும், அதற்கு இட்ட பெயரும் கடல் கடந்து நிலைத்துவிட்டன. பிறர் அறிவைப் பணிவுடன் கற்று, அதனை மக்களின் பசி தீர்க்கப் பயன்படுத்துவதே பொறியாளர்க்கு அழகு என்பதைக் காட்டனின் வாழ்க்கை நமக்கு எடுத்துக் காட்டுகின்றது.